மூன்று நட்டில் ஓடுமா?

வாசகர் கேள்விகள்: வாகனப் பராமரிப்பு

பெங்களூர் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில், அல்சூரிலிருந்து வந்த முதல் கடிதத்துக்கே அதிக இடம் தேவைப்பட்டது. அதே பொருளைத் தொட்ட மற்றக் கடிதங்களையும் சேர்த்து இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் ஏழு ஆண்டு ஓடிய சிறிய கார் ஒன்று இருக்கிறது. சக்கரத்துக்கு நான்கு நட்டுகள். தீபாவளிக்கு வேலூர் போய்த் திரும்பும் வழியில் கிருஷ்ணகிரி அருகே முன் டயர் பஞ்சரானது. சாலையோரக் கடையில் பஞ்சர் ஒட்டி, ஏர் கன் வைத்து நட்டுகளை இறுக்கிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து, முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றலாம் என்று வீட்டு வாசலில் வீல் ஸ்பேனரால் அவிழ்த்தபோது மூன்று நட்டுகள் பெரும்பாடுபட்டு வந்தன. நான்காவது நட்டு ‘டக்’ என்ற ஒலியோடு நட்டு ஏறும் மரைத்தண்டான ஸ்டட்டையும் ஒடித்துக்கொண்டு கையில் வந்துவிட்டது. எங்கள் தெரு மெக்கானிக், “மூணு நட்டுல தாராளமா ஓடும் சார்” என்கிறார். இன்னொருவர், ஒடிந்த இடத்தில் புது போல்ட்டை வெல்டு வைத்துத் தருவதாகச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இந்த வேலையை நானே செய்ய முடியுமா? ஒடிந்த துண்டின் படத்தை இத்துடன் இணைத்துள்ளேன். (வாசகர், அல்சூர்)

பதில்: இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். ஒடிந்த ஸ்டட்டை வெளியே எடுத்துவிட்டு, அதே அளவுள்ள புதிய ஸ்டட்டை சக்கரம் பொருந்தும் சுழல் மையமான ஹப்பின் பின்பக்கத்திலிருந்து இழுத்துப் பொருத்த வேண்டும். அதோடு அந்தச் சக்கரத்தின் மற்ற மூன்று ஸ்டட்டுகளையும் மாற்றிவிட வேண்டும் என்பதே என் முடிவான கருத்து. நான்கையும் ஏன் மாற்ற வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பல பட்டறைகளில் ஒடிந்த ஒன்றை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி அனுப்பியவன்தான்.

மெக்கானிக்குகள் பேச்சுவழக்கில் வீல் போல்ட் என்று சொல்லும் இந்த ஸ்டட்டை, சக்கரத்தை மாட்டிவைக்கும் ஆணி என்றே பலரும் எண்ணுகிறார்கள். சட்டையை ஆணியில் மாட்டினால் ஆணிதான் எடையைத் தாங்கும். சக்கரத்தில் நடப்பது வேறு. நட்டை இறுக்கும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீள்கிறது, நீண்ட எஃகு தன் பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கிறது, அந்தச் சுருங்கும் விசை சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு வைத்து அழுத்துகிறது, அந்த அழுத்தத்தால் இரண்டு முகங்களுக்கும் இடையே உண்டாகும் உராய்வுதான் காரின் எடையையும் பிரேக்கின் இழுப்பையும் தாங்குகிறது. வண்டியில் ஏற்றிய வைக்கோல் பாரத்தைக் கயிறு விறைப்பாக இருக்கும் வரையில்தான் பிடித்துக்கொண்டிருக்கும். தளர்ந்த கயிறு அறுந்துபோகாமல் இருந்தாலும் பாரம் சரிந்துவிடும். சக்கரத்துக்கு ஸ்டட்டுகளே கயிறு.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்டட்டில் நட்டை 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில், எண்ணெய் இல்லாத உலர்ந்த மரையில் இறுக்கினால், ஒவ்வொரு ஸ்டட்டிலும் ஏறத்தாழ 4 டன் எடைக்கு நிகரான இழுவிசை உண்டாகும். நான்கு சேர்ந்தால் 16 டன். ஒன்று போனால் 12 டன்னாகக் குறைகிறது என்பதோடு கதை முடிந்துவிடுவதில்லை. மிஞ்சிய மூன்றும் வட்டத்தில் சமமாகப் பரவி நிற்கவில்லை; ஒரு பக்கம் ஓட்டை விழுந்திருக்கிறது. சக்கரம் சுழலும்போது அந்த ஓட்டைப் பக்கம் கீழே வரும் ஒவ்வொரு முறையும் சக்கரம் ஹப்பிலிருந்து மிக மெல்லியதாகப் பிரியப் பார்க்கும், பக்கத்திலுள்ள இரண்டு ஸ்டட்டுகளும் வளைந்து நிமிரும். 14 அங்குல ரிம் உள்ள சிறிய காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 550 முறை சுற்றுகிறது. அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு 20 கிலோமீட்டர் போனால், அந்த இரண்டு ஸ்டட்டுகளும் 11,000 முறை வளைந்து நிமிர்ந்திருக்கும். ஒரு கம்பியைக் கையால் முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதும் இதே வழியில்தான். ஆகவே மூன்று நட்டில் ஓடுவதென்றால், ஆட்களை ஏற்றாமல், மெதுவாக, அருகிலுள்ள பட்டறை வரை மட்டுமே. அதைவிட மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைப்பது நல்லது.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒடிந்த முகத்தின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு பகுதி கருத்து, துருவின் செம்மண் நிறம் ஏறியிருக்கிறது. மற்ற பகுதி, அப்போதுதான் உடைத்த வெல்லக்கட்டியின் உட்புறம் போல, மணல்மணலாகப் பளபளக்கிறது. அந்தப் பிறை பழைய விரிசல். காற்றும் ஈரமும் உள்ளே புகுந்து துருவேறும் அளவுக்கு அது பல நாட்களாகத் திறந்தே இருந்திருக்கிறது. பளபளக்கும் பகுதி மட்டும்தான் உங்கள் வீட்டு வாசலில் ஒடிந்தது. ஆகவே நீங்கள் அவிழ்த்தபோது ஸ்டட்டை ஒடித்துவிட்டதாக வருந்த வேண்டாம். பாதி ஒடிந்த ஸ்டட்டைத் தற்செயலாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். நெடுஞ்சாலையில் ஓடும்போது ஒடியாமல், நின்ற இடத்தில் ஒடிந்ததே பெரும் நன்மை.

கிருஷ்ணகிரிக் கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. சாதாரண அரை அங்குல ஏர் கன் 500 நியூட்டன் மீட்டருக்கும் மேல் விசை தரக்கூடியது. உங்கள் நட்டுக்கு வேண்டியதோ அதில் ஐந்தில் ஒரு பங்கு. ஏர் கன்னின் ட்ரிக்கரை விட்டுவிட்டு அழுத்தாமல் ‘டர்ர்ர்’ என்று நான்கைந்து விநாடி பிடித்தால், ஸ்டட் தன் மீள்தன்மையின் எல்லையைத் தாண்டி நிரந்தரமாக நீண்டுவிடும். ஏழு ஆண்டுகளில் எத்தனை பஞ்சர், எத்தனை வீல் அலைன்மென்ட், எத்தனை சர்வீஸ் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் இறுக்கியிருக்கிறார். கையால் இறுக்குபவர்களிடமும் இந்தப் பிழை உண்டு. காருடன் வரும் வீல் ஸ்பேனரின் கைப்பிடி குட்டையாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது: 25 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 40 கிலோ அளவுக்கு அழுத்தினால் ஏறத்தாழ 98 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் மேல் ஏறி நின்றால் அது 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். ஏறி நின்று குதிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ‘நல்லா டைட்டா இருக்கு’ என்ற நம்பிக்கையோடு செய்யப்படும் இந்தக் காரியம், ஸ்டட்டை அதன் தாங்கும் எல்லைக்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

அதனால்தான் நான்கையும் மாற்றச் சொல்கிறேன். ஒரே ஏர் கன், ஒரே கை, ஒரே ஏழு ஆண்டுகள். ஒடிந்த ஸ்டட் பட்ட பாட்டை மற்ற மூன்றும் பட்டிருக்கின்றன. வில்சன் கார்டனில் நான் பட்டறை நடத்திய காலத்தில், இதே போல ஒரு ஸ்டட் ஒடிந்து வந்த காருக்கு அந்த ஒன்றை மட்டும் மாற்றி அனுப்பினேன். இரண்டே மாதத்தில் அதற்கு அடுத்த ஸ்டட் ஒடிந்து, குடும்பத்தோடு ஓசூர் சாலையில் நின்றுகொண்டு அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். யாருக்கும் காயமில்லை. ஆனால் பின் இருக்கையில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள் என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. அதன்பின் ஒரு சக்கரத்தில் ஒன்று ஒடிந்தால் அந்தச் சக்கரத்தின் அத்தனையையும் மாற்றுவது என்று பட்டறையில் விதியாகவே வைத்துக்கொண்டேன்.

பழைய ஸ்டட் நீண்டிருக்கிறதா என்று நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. மிஞ்சிய ஸ்டட்டுகளின் மரையைக் கம்பி பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, ஒரு புது நட்டை விரலால் மட்டும் சுற்றுங்கள். நல்ல ஸ்டட்டில் நட்டு அடிவரை வழுக்கிக்கொண்டு போகும். நீண்டுபோன ஸ்டட்டில் பாதி தூரம் இலகுவாகப் போய், ஓரிடத்தில் கனத்துப் பிடிக்கும். அங்கேதான் மரையின் இடைவெளி விரிந்திருக்கிறது. கழற்றிய பிறகு, பழைய ஸ்டட்டையும் புதிய ஸ்டட்டையும் மரையோடு மரை பொருந்தும்படி பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவானால் வெளிச்சம் புகாது. பழையது நீண்டிருந்தால் ஒரு பக்கம் பொருந்திய மரை, போகப்போக விலகி, இடையில் வெளிச்சக் கீற்று தெரியும். வெல்டு வைக்கலாம் என்று சொல்லும் மெக்கானிக்குக்கும் அதைக் காட்டுங்கள்.

வெல்டு வைப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: கூடாது. ஸ்டட் சூடேற்றிக் குளிர்வித்துப் பதம் செய்யப்பட்ட எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். ஒட்டிய இடத்தை அடுத்து ஒரு பகுதி மென்மையாகவும் இன்னொரு பகுதி கண்ணாடி போல நொறுங்கும் தன்மையோடும் மாறும். அந்தச் சூடு ஹப்பின் தட்டைக் கோணலாக்கும், பேரிங்கின் கிரீஸையும் ரப்பர் சீலையும் கருக்கும். பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் அதிரும்.

இனி வேலை. உங்கள் கேள்வி முன் சக்கரத்தைப் பற்றியது, அதில் டிஸ்க் பிரேக் இருக்கும் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். அல்சூர்ப் பக்கத்துத் தெருக்கள் பல சரிவானவை. சமதளமான, கெட்டியான தரையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே மற்ற நட்டுகளைச் சற்றே தளர்த்தி, அதன் பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பி இந்த வேலையைச் செய்யக் கூடாது. காரின் உடலைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு வேண்டும். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையும் அதன் பிடியையும் அவிழ்த்து, காலிப்பரை ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடவும்; பிரேக் ஹோஸில் அதன் எடை விழக் கூடாது. டிஸ்க்கை எடுத்தால் ஹப்பின் தட்டு தெரியும்.

ஸ்டட்டின் தலை அந்தத் தட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கழுத்தில் உள்ள வரிவரியான பற்கள் தட்டின் துளைக்குள் கடித்துக்கொண்டு நிற்கின்றன; பசையோ மரையோ அங்கே இல்லை. ஹப்பைக் கையால் சுழற்றி, பின்னால் இடம் விட்டிருக்கும் பக்கத்துக்கு அந்த ஸ்டட்டைக் கொண்டுவந்து, முன்னாலிருந்து பின்னோக்கித் தள்ள வேண்டும். பெரும்பாலான பட்டறைகளில் சுத்தியலால் அடித்துத்தான் எடுக்கிறார்கள். ஓரிரு அடியில் வந்தால் சரி. வராவிட்டால் மேலும் அடிக்கக் கூடாது, ஏனெனில் ஒவ்வொரு அடியும் பேரிங்கின் குண்டுகள் வழியாகப் போய், அவை உருளும் பாதையில் நுண்ணிய குழிகளை உண்டாக்கும். அதன் பலன் சில மாதம் கழித்து ஓட்டத்தில் ‘ஊம்’ என்ற இரைச்சலாக வரும். பால் ஜாயிண்ட் கழற்றும் திருகுக் கருவியால் அழுத்தித் தள்ளுவதே முறையான வழி.

புதிய ஸ்டட்டைப் பின்னாலிருந்து நுழைத்து, அதன் பற்கள் துளையில் ஏற்கெனவே பதிந்துள்ள தடங்களோடு பொருந்தும்படி விரலால் திருப்பிப் பாருங்கள். பொருந்தும்போது கையில் தெரியும். அதன்பின் முன்பக்கம் மூன்று நான்கு கனத்த வாஷர்களைப் போட்டு, வாஷர்களின் முகத்தில் மட்டும் துளி கிரீஸ் தடவி, ஒரு பழைய நட்டின் தட்டையான பக்கம் வாஷரைப் பார்க்கும்படி தலைகீழாகப் போட்டு, கை ஸ்பேனரால் நிதானமாக இறுக்கினால் ஸ்டட் உள்ளே இழுபட்டு வரும். இங்கே ஏர் கன் வேண்டவே வேண்டாம். புது ஸ்டட்டைப் பொருத்தும்போதே நீட்டிவிடும். இழுத்து முடித்ததும் தட்டுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவுங்கள், அல்லது சிறு கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்துப் பாருங்கள். ஸ்டட்டின் தலை சுற்றிலும் தட்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தாலும் வேலை முடியவில்லை. ஓட்டத்தில் தலை மெல்ல உள்வாங்கி, நட்டு தானாகத் தளர்ந்துவிடும். இந்த ஓரிடத்தைச் சரிபார்க்காமல் விட்டதால் திரும்பி வந்த கார்கள் பல.

டிஸ்க்கை மாட்டுவதற்கு முன் ஹப்பின் முகத்திலும் ரிம்மின் உட்புறத்திலும் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். துருப்படலத்தின் மேல் இறுக்கிய நட்டு, துரு நொறுங்கியதும் தளரும். டிஸ்க்கையும் காலிப்பரையும் பழையபடி பொருத்தி, சக்கரத்தை மாட்டி, நான்கு நட்டுகளையும், கூம்பான பக்கம் ரிம்மைப் பார்க்கும்படி, விரலால் பல சுற்று சுற்றிய பிறகே ஸ்பேனரை எடுக்கவும். எதிரெதிராக இறுக்கி, காரைத் தரையில் இறக்கி, குறித்த முறுக்கு விசை வந்ததும் ஒலி எழுப்பும் டார்க் ரெஞ்ச்சால் முடிக்கவும். உங்கள் காருக்கான அளவு கையேட்டில் இருக்கும். இந்த வகைச் சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். ‘கிளிக்’ என்ற ஒலி ஒரு முறை கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். உறுதிக்காக இன்னொரு முறை அழுத்துவது அளவைத் தாண்டுவதாகும். வண்டியை எடுக்குமுன் பிரேக் பெடலைப் பல முறை மிதித்து அது கெட்டியாவதைப் பாருங்கள். காலிப்பரைக் கழற்றி மாட்டியதும் முதல் மிதி வெறுமையாகப் போகும்.

நீங்களே செய்யலாமா என்றால், ஸ்டாண்டும் டார்க் ரெஞ்ச்சும் இருந்து, காலிப்பர் கழற்றிப் பழகியிருந்தால் செய்யலாம், அரை நாள் வேலை. ஆனால் முதலில் ஹப்புக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். சில கார்களில் ஸ்டட் முழு நீளத்துக்கு வெளியே வர ஹப்பைத் தாங்கி நிற்கும் நக்கிள் இடம் தராது. அப்படியானால் ஹப்பையே பிரஸ் வைத்து வெளியே எடுக்க வேண்டும், பேரிங்கும் பெரும்பாலும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். அது பட்டறை வேலை. இடம் போதவில்லை என்று புது ஸ்டட்டின் தலையை அரத்தால் ராவிச் சிறிதாக்கி நுழைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன். ஜே.சி. சாலை உதிரிபாகக் கடைகளில் வீல் ஸ்டட் கேட்டால் “எந்த வண்டிக்கு?” என்று மட்டும் கேட்டு ஏதோ ஒன்றை எடுத்துத் தருகிறார்கள். அது சரியானதுதானா என்று எப்படி அறிவது? (வாசகர், சிவாஜிநகர்)

பதில்: பழைய ஸ்டட் ஒன்றையும் நட்டு ஒன்றையும் கையில் கொண்டுபோங்கள். வண்டியின் பெயர் மட்டும் போதாது. நான்கு அளவுகள் ஒத்துப்போக வேண்டும்: மரையின் தடிமன், மரைகளுக்கு இடையேயுள்ள தூரம், கழுத்துப் பற்களின் விட்டம், மொத்த நீளம்.

இதில் பலர் ஏமாறுவது இரண்டாவது அளவில். மாருதி சுசுகி கார்களில் 12 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர், ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா கார்களில் அதே 12 மில்லிமீட்டருக்கு 1.5. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஒன்றின் நட்டு மற்றதில் ஒரு சுற்று, இரண்டு சுற்று போய்ப் பிடித்துக்கொள்ளும். ஸ்பேனர் வைத்திருப்பவர் அங்கே நிறுத்திவிடுவார். ஏர் கன் வைத்திருப்பவருக்கு அந்தப் பிடிப்பே தெரியாது, மரையைச் சீவிக்கொண்டே உள்ளே போய்விடும். கடைக்காரர் முன்னாலேயே உங்கள் பழைய நட்டைப் புது ஸ்டட்டில் விரலால் கடைசி வரை ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கழுத்துப் பற்களின் விட்டம் சற்றுக் குறைந்தாலும் ஸ்டட் துளையில் சுழலும். கூடினால் ஹப்பின் தட்டில் விரிசல் விடலாம். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, வெர்னியர் என்ற நுண் அளவுகோலை வைத்து அளக்கச் சொல்லுங்கள். கடையில் நிற்கும்போது கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், இருந்தாலும் கேளுங்கள். ஸ்டட்டின் தலையில் 10.9 என்ற எண் பொறித்திருந்தால், அந்த எஃகு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ இழுப்பைத் தாங்கும், அதில் 90 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது என்பது பொருள். லேத் பட்டறையில் சாதாரண இரும்புக் கம்பியைக் கடைந்து ‘அதே போல’ செய்து தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தினமும் விமான நிலையத்துக்கும் மைசூருக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டி உங்களுடையது. நட்டுகளையும் சேர்த்தே வாங்குங்கள். நீண்ட ஸ்டட்டில் இருந்த நட்டின் மரையும் சிதைந்திருக்கும்.

கேள்வி: பின் சக்கரத்தில் ஒரு நட்டை எவ்வளவு திருப்பினாலும் வெளியே வராமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பஞ்சர் கடையில் கைவிட்டுவிட்டார்கள். ஓசூருக்குத் தினமும் வேலைக்குப் போகிறேன். என்ன செய்யலாம்? (வாசகி, எலக்ட்ரானிக் சிட்டி)

பதில்: நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுற்றுகிறது, அம்மா. கழுத்துப் பற்கள் வழுவழுப்பாகிவிட்டன. நட்டு துருப்பிடித்து ஸ்டட்டோடு ஒன்றாகிவிட்டதால், அவிழ்க்கும் விசை முழுவதும் பற்களின் மேல் விழுந்து அவற்றைச் சீவியிருக்கிறது. மேலும் மேலும் திருப்பச் சொல்லாதீர்கள். ஹப்பின் துளை பெரிதாகி, பிறகு புது ஸ்டட்டும் நிற்காது. மற்ற நட்டுகளைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே ஒருவர் திருப்பினால் சில வேளை பற்கள் மீண்டும் கடித்து நட்டு வந்துவிடும். வராவிட்டால் நட்டைப் பிளக்கும் உளிக் கருவியாலோ, ஸ்டட்டின் நடுவில் துளையிட்டோ வெட்டி எடுக்க வேண்டும். ரிம் அலாயாக இருந்தால் கிரைண்டர் பட்டு ரிம்மில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சில சிறிய கார்களில் பின் டிரம்மும் ஹப்பும் ஒரே வார்ப்பாக இருக்கும். துளை தேய்ந்திருந்தால் டிரம்மையே மாற்ற வேண்டி வரும். அதுவரை அலுவலகப் பேருந்திலோ வேறு வண்டியிலோ போய்வாருங்கள். அந்த நட்டு இருப்பதாகத் தோன்றினாலும், சக்கரத்தை அது பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

கேள்வி: துருப்பிடிக்காமல் இருக்க ஸ்டட் மரையில் எண்ணெய் விடலாமா? (வாசகர், காக்ஸ் டவுன்)

பதில்: கையேட்டில் சொல்லியிருந்தால் ஒழிய வேண்டாம். கையேட்டிலுள்ள முறுக்கு அளவு உலர்ந்த மரைக்கானது. எண்ணெய் விட்டால் உராய்வு குறைந்து, டார்க் ரெஞ்ச் அதே இடத்தில் ‘கிளிக்’ சொன்னாலும் ஸ்டட் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அதிகமாக இழுபட்டிருக்கும். கம்பி பிரஷ் போதும்.

கேள்வி: அலாய் வீல் மாற்றியபின் நட்டு முழுவதுமாக உள்ளே போவதில்லை என்று நண்பர் எச்சரிக்கிறார். எவ்வளவு போனால் போதும்? (வாசகர், ஆஸ்டின் டவுன்)

பதில்: ஸ்டட்டின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்காவது மரை நட்டுக்குள் இருக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டானால், 1.5 இடைவெளி மரையில் 8 முழுச் சுற்றுகள், 1.25 மரையில் கிட்டத்தட்ட 10 சுற்றுகள். நட்டை விரலால் சுற்றும்போதே எண்ணிப் பார்த்துவிடலாம். நான்கைந்து சுற்றில் முட்டிவிட்டால், அந்த ரிம்முக்கு நீளமான ஸ்டட் தேவைப்படுகிறது, அல்லது யாரோ ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையில் ஸ்பேசர் என்ற கனத்த தகட்டை வைத்திருக்கிறார்கள். நட்டின் அடிப்பகுதியும் ரிம்மின் துளையும் ஒரே வடிவில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கூம்புத் துளையில் உருண்டை அடிப்பகுதியுள்ள நட்டு ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொட்டு நிற்கும். எவ்வளவு இறுக்கினாலும் சில நாளில் தளரும்.

கேள்வி: என்னுடைய ஃபோக்ஸ்வாகன் போலோவில் ஸ்டட்டே இல்லையே? (வாசகர், விவேக் நகர்)

பதில்: அதில் போல்ட் நேராக ஹப்பின் மரையில் ஏறுகிறது. ஒடிந்தால் போல்ட்டை மாற்றினால் போதும் என்பது வசதி. ஹப்பின் மரை கெட்டால் ஹப்பையே மாற்ற வேண்டும் என்பது சிரமம். ஆகவே போல்ட்டைக் கையால் தொடங்குவது உங்களுக்கு இன்னும் முக்கியம். 14 மில்லிமீட்டர் போல்ட், 120 நியூட்டன் மீட்டர்.

கேள்வி: புது ஸ்டட் போட்டு இரண்டு நாளாகிறது. சனிக்கிழமை சேலம் போகிறோம். ஏதாவது பார்க்க வேண்டுமா? (வாசகர், எஜிபுரா)

பதில்: பார்க்க வேண்டும். புது ஸ்டட்டின் தலையும் நட்டின் கூம்பும் முதல் நூறு கிலோமீட்டருக்குள் சற்றுப் பதிந்து இடம் பிடிக்கும், அந்த அளவுக்கு இறுக்கம் குறையும். இரண்டு நாளில் நகருக்குள் எவ்வளவு ஓடியிருந்தாலும், புறப்படுவதற்கு முன் ஒரு முறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். இங்கிருந்து கிருஷ்ணகிரி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அங்கே சாப்பிட நிறுத்தும்போது, சக்கரம் ஆறிய பிறகு, இன்னொரு முறை பாருங்கள். நட்டு நகராமலேயே ‘கிளிக்’ வந்தால் சரி. கால் சுற்று நகர்ந்தால் சேலத்தில் மறுபடியும் பாருங்கள். அங்கேயும் நகர்ந்தால் ஸ்டட்டின் தலை முழுமையாக உட்காரவில்லை. சக்கரத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்க்காமல் திரும்பிப் புறப்பட வேண்டாம்.